ஆறாம் மாடியில் கூட்டம்

மூன்றாம் மாடித் திருப்பத்தில் நால்வருக்குமே மூச்சு வாங்கும். ஆனாலும் நாற்காலியைக் கீழே வைக்கப் பிரேமலா விடமாட்டாள். "வச்சா திரும்பத் தூக்க மனசு வராது. நடங்க லா," என்பாள். அவள் தோளில் மடித்துப் போட்ட நீலத் துண்டு. அதன்மேல் இரும்புக் குழாயின் முனை. பக்கத்துக் குழாயில் துணைத்தலைவர் ரூபேந்திரன். பின்னால் செயலாளர் மதிவாணனும் பொருளாளர் கிபாயத்துல்லாவும். நடுவே நாற்காலியில், டயாலிசிஸுக்குப் போகும் ஆறாம் மாடி அங்கம்மா. இறங்கும்போது பாரமெல்லாம் முன்னால் போகிறவர் தோளில்தான் சாயும். அந்த இடத்தைப் பிரேமலா இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அது தலைவர் உட்காரும் நாற்காலி. மாசாய் நகரில் இருக்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுத் தலைவராக இருந்த லோகேஸ்வரன் தமக்கென்று வாங்கியது. உயர்ந்த முதுகு, கறுப்புத் தோல், உருளும் சக்கரங்கள். அவரைத் தேர்தலில் தோற்கடித்த பிரேமலா, பதவிக்கு வந்த வாரமே சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டுக் கைப்பிடிகளுக்கு அடியில் இரண்டு குழாய்களைப் பூட்டினாள். கூட்டங்களில் நின்றுகொண்டே பேசுகிறாள். "பேக்டரில நாள் பூரா நின்னு சூப்பர்வைஸ் பண்றவ நான். இங்க நின்னா மட்டும் கால் ஒடஞ்சிருமா?"

பதவியோடு அவளுக்கு வந்து சேர்ந்தவை ஒரு மாலை, ஒரு சாவிக்கொத்து, ஓடாத லிப்ட், முன்னவர் நிறைவேற்றிவிட்டுப் போன பட்ஜெட். அந்த பட்ஜெட்டில் மேடை போட்டு ஆண்டு விருந்து நடத்தப் பெரிய தொகை இருந்தது. லிப்டுக்கு ஒரு வரிகூட இல்லை. பொதுக்கூட்டம் கைதூக்கி ஏற்றதை இன்னொரு பொதுக்கூட்டம்தான் மாற்ற முடியும். ஆட்கள் மாறினார்கள், அநியாயம் மட்டும் முகவரி மாறாமல் அங்கேயே குடியிருந்தது.

லோகேஸ்வரனும் தம் காலத்தில், "எல்லாம் போனவரு வச்சிட்டுப் போன வேல," என்றே காலத்தை ஓட்டியவர். அவருக்கு முன்னிருந்தவரும் அப்படித்தான். வரும் தலைவரெல்லாம் போன தலைவரைத் திட்டுவது அந்தக் குடியிருப்பில் சடங்காகவே ஆகிவிட்டது. தேநீரோடு தொடங்கும் அந்தச் சடங்கு அடுத்த தேர்தலில்தான் முடியும்.

பிரேமலாவிடம் அது எடுபடாது. "லோகேஸ்வரன் பண்ணிட்டுப் போன கூத்தப் பாத்தீங்களா?" என்று யாராவது வந்தால், "பாத்தேன். நீங்க எந்தப் பக்கத்துக் குழாயப் புடிக்கிறீங்க?" என்பாள். வந்தவர்களில் பாதிப்பேருக்கு உடனே முதுகுவலி வந்துவிடும்.

லிப்டுக்கு யாரோ கண்வைத்துவிட்டார்கள் என்று ஒருவர் அதன் கதவில் எலுமிச்சம்பழம் கட்டினார். பிரேமலா அதை அறுத்து, உப்புப் போட்டுப் பிழிந்து, கட்டியவர் கண்ணெதிரேயே குடித்தாள். "மோட்டார் எரிஞ்சு கெடக்கு. அதுக்கு எலுமிச்சங்கா என்ன பண்ணும்? மெக்கானிக்கு வேணும்." அன்று இரவு அவளுக்கு ஏதாவது ஆகும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். மறுநாள் காலையிலும் அதே துண்டோடு படியேறினாள்.

போன மாதத்து மழையில் படி வழுக்கி ரூபேந்திரனின் கணுக்கால் பிசகியது. நாற்காலி சாய்ந்து, கம்பியில் முட்டி நின்றது. அங்கம்மா பயந்துபோய் அன்று வர மறுத்துவிட்டார். மறுநாள் முகம் வீங்கி, மூச்சுத் திணறி, ஆம்புலன்சில்தான் போனார். இன்னொரு முறை அப்படி நடந்தால் திரும்பி வருவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

பிரேமலா நேரே லோகேஸ்வரன் வீட்டுக்குப் போனாள். அவர் கைதூக்கினால் கூடவே தூக்கப் பாதி பிளாக் இருந்தது.

"பட்ஜெட் பாஸானது பாஸானதுதான் தங்கச்சி. அடுத்த வருசம் பாத்துக்கலாம்," என்றார் அவர்.

"அடுத்த வருசம் வரைக்கும் அங்கம்மா இருக்கணுமேண்ணே."

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

வாரங்கள் சில கழித்துப் பொதுக்கூட்டத்துக்கான அறிவிப்பு ஒட்டப்பட்டது. வழக்கமாகக் கீழ்த்தளத்து மண்டபத்தில் நடப்பது. இம்முறை 'இடம்: ஆறாம் மாடி நடைபாதை' என்றிருந்தது. அலமாக் என்று தலையில் கைவைத்தவர்கள் உண்டு. ஆனாலும் வந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள், மாடிக்கு மாடி நின்று வந்தவர்கள், ஏறிக்கொண்டே திட்டியவர்கள். கடைசியாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு லோகேஸ்வரன்.

அங்கம்மா தம் வீட்டு வாசலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாங்க தம்பி. ஓட்டுக் கேக்க வந்தப்ப லிப்டுல வந்தீங்க," என்றார். நடைபாதை முழுக்கச் சிரிப்பு.

பிரேமலா பேச்சை நீட்டவில்லை. "விருந்து வேணாம். அந்தக் காசுல லிப்டச் செய்வோம். மூச்சு வாங்குறப்பவே கையத் தூக்கிருங்க. கீழ எறங்கிட்டா மறந்துரும்."

"மேடைக்காரனுக்கு முன்பணம் குடுத்தாச்சே," என்றார் லோகேஸ்வரன், சுவரில் சாய்ந்தபடி.

"அது போச்சுண்ணே. மிச்சத்தையாச்சும் காப்பாத்துவோம்."

அவருடைய ஆட்கள் அவரைப் பார்த்தார்கள். அவருக்கோ இன்னும் மூச்சு திரும்பவில்லை. முதலில் கைக்குழந்தைக்காரி தூக்கினாள். அப்புறம் வியர்த்த கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அவருடைய ஆட்களின் கைகளும்தான். தீர்மானம் நிறைவேறியது. மெக்கானிக் அடுத்த வாரம் வருவார் என்றார் மதிவாணன்.

கூட்டம் கலைந்தது. கிபாயத்துல்லா கைகொடுக்க, அங்கம்மா உள்ளே படுக்கப் போனார். லோகேஸ்வரன் மட்டும் படியின் விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே வளைந்து வளைந்து போகும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வலது காலை ஒரு படி கீழே வைத்தவர், முகம் சுளித்து மேலே எடுத்துக்கொண்டார்.

பிரேமலா நீலத் துண்டை உதறி, நான்காக மடித்துத் தோளில் போட்டாள். நாற்காலியை அவருக்கு முன்னால் இழுத்து வைத்து, குழாயின் முன்முனையருகே குனிந்தாள்.

"உக்காருங்கண்ணே."