ஊமையாகிப்போன லேப்டாப்

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. நான் மலேசியாவில், கிள்ளானிலிருந்து தினமும் ரயிலேறி கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போகிறவன். என் ஆபீஸுக்குக் கீழே பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையம் ஒன்று உண்டு. கழுத்து வலி வந்தால் அங்கே வேலை செய்யும் ஒரு அண்ணனிடம்தான் போவேன்.

ஒருநாள் தன் லேப்டாப் ரொம்ப மெதுவாகிவிட்டது என்றும், கடையில் புதுசு வாங்கச் சொல்கிறார்கள் என்றும் அவர் புலம்பினார். எனக்கு லினக்ஸ் பைத்தியம். பார்க்கிறவர்களுக்கெல்லாம் அந்த இலவச இயங்குதளத்தைச் சிபாரிசு செய்வேன். வாய் சும்மா இருக்குமா?

"புதுசு எதுக்கு அண்ணே? லினக்ஸ் போட்டுத் தரேன். புதுசா பழகுறவங்களுக்கு ரொம்ப ஈஸி லா."

"திரையில இருக்கிறத எனக்கு வாசிச்சுச் சொல்லணுமே தம்பி. அதுல வருமா?"

"எல்லாம் வரும் அண்ணே."

வருமா என்று நான் சோதித்துப் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து, அவருடைய கோப்புகளைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, பழைய இயங்குதளத்தை, அதிலிருந்த வாசிக்கும் மென்பொருளோடு சேர்த்து முழுதாக அழித்தேன். பழைய கணினிகளுக்கு ஏற்ற இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டேன். ஐகான்களைப் பெரிதாக்கினேன். அழகான கடற்கரைப் படம் ஒன்றைத் தேடிப்பிடித்துத் திரையில் வைத்தேன். பார்வையில்லாத மனிதருக்கு! இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் மதியம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இயர்போனை மாட்டிக்கொண்டு விசைகளைத் தட்டினார். திரும்பவும் தட்டினார்.

"எவ்வளவு வேகமா இருக்கு பாருங்க அண்ணே," என்றேன் பெருமையாக.

"என்னத்தப் பார்க்கிறது? சத்தமே இல்ல! என் லேப்டாப்ப ஊமையாக்கிட்டியேடா!"

காத்திருந்த வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் இயர்போனைக் கழற்றினார். "இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஆன்லைன்ல டைப்பிங் டெஸ்ட் எழுதணும். டெலிபோன் ஆபரேட்டர் வேல. பதினெட்டு வருஷமா அடுத்தவன் முதுகப் பிடிச்சது போதும்னு இருந்தேன்."

"நான் டைப் பண்ணித் தரேன் அண்ணே..."

"அப்ப வேலைக்கும் நீயே போறியா?"

லினக்ஸ் ஆர்வலர்களின் இணையக் குழுவில் அவசரமாக உதவி கேட்டேன். சில நிமிடங்களில் பதில்கள் குவிந்தன. எந்த லினக்ஸ் சிறந்தது என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். 'முதலில் கையேட்டைப் படிக்கச் சொல்லுங்கள்' என்றார் ஒருவர். இன்னொருவர், கண் தெரியாதவருக்கு எதற்கு லேப்டாப் என்று கேட்டுச் சிரிப்புப் படம் போட்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயில் வந்ததையெல்லாம் எழுதிவிட்டுக் குழுவைவிட்டு வெளியேறினேன். ஆனால் முந்தின வாரம்வரை புதியவர்களுக்கு நானும் அப்படித்தானே பதில் எழுதிக்கொண்டிருந்தேன்?

ஐந்து மணி தாண்டிப் போனது.

மறுநாள் லீவு போட்டேன். என் லேப்டாப் திரையின் வெளிச்சத்தை முழுதாக அணைத்துவிட்டு, பென் டிரைவில் ஒவ்வொரு லினக்ஸாகப் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டில் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. ஆத்திரத்தில் மேசையைக் குத்தினேன். மூன்றாவதில், மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தியதும் ஒரு குரல் வந்தது. உடனே அந்தப் பென் டிரைவை அண்ணனிடம் எடுத்துப் போய் அவர் லேப்டாப்பில் செருகினேன். இந்தத் தடவை அதற்குமேல் நான் எதையும் தொடவில்லை. குரலையும் வேகத்தையும் அவரே தேர்ந்தெடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" என்றார். அவ்வளவுதான்.

தேர்வை மறுபடி எழுத அந்த நிறுவனம் அனுமதிக்கவில்லை. அவர் இன்னும் அதே மசாஜ் நிலையத்தில்தான் இருக்கிறார்; அந்த லேப்டாப்பில்தான் வேறு வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார்.

'இதை யார் வேண்டுமானாலும் சுலபமாகப் பயன்படுத்தலாம்' என்று எவராவது அடித்துச் சொல்லும்போது இன்றும் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. அதில் பெரும்பங்கு, ஒரு மனிதருக்குக் கிடைத்த வாய்ப்பை என் அவசரத்தால் கெடுத்த என் மீதுதான்.