சிலுவைக்கு மூன்று விரல் கீழே

காலை ஐந்து மணி ஐந்து நிமிடம். மொட்டைமாடியில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது பக்கத்து வீட்டு ஸ்டார். கிறிஸ்துமஸுக்குக் கட்டியது, பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போதும் கமுகுக் கம்பின் உச்சியில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. சுசீந்திரத்தை அடுத்த எங்கள் ஊரில் யார் வீட்டு ஸ்டார் அதிக உயரம் என்று டிசம்பர் முழுக்கப் போட்டி நடக்கும். அந்த வருடம் ஜெயித்தது பக்கத்து வீட்டு மாமி. அவருடைய கம்பு எங்கள் வீட்டுக்கு நேர் தெற்கே நின்றது. நான் பார்க்க வேண்டியதும் தெற்கே.

எனக்கு அப்போது பத்து வயது. குவைத்தில் கிரேன் ஓட்டிய அப்பா, பொங்கலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் பிறகு லீவு கிடைக்கவில்லை என்றார். தொடர்ந்து இரண்டாவது வருடம். அவரிடம் பேசுவதை நிறுத்தினேன். போன் வரும், அம்மா நீட்டுவாள், நான் பல் தேய்க்கப் போவேன். ஒரே நாளில் மூன்று முறை தேய்த்ததும் உண்டு.

ஒன்பதாம் நாள் அம்மா மூலம் ஒரு நிபந்தனை அனுப்பினேன். பள்ளி அறிவியல் மன்றத்தில் தந்த தாளில் 'ஈ' என்றொரு விண்மீன் கூட்டம் வரைந்திருந்தது. ஆறு நட்சத்திரங்கள், எல்லாமே மங்கல். நான் பார்க்கும் அன்று அப்பாவும் அங்கே பார்க்க வேண்டும். பார்த்ததைச் சரியாகச் சொன்னால் பேசுவேன். படம் என்னிடம்தான் இருந்தது, அதனால் அவர் ஏமாற்ற முடியாது.

"மானத்துல பாக்கதுக்கு வேற ஒண்ணும் கிட்டலியாட்டி? ஈயா?" என்றாள் அம்மா. ஆனாலும் சொன்னாள். என்னோடு மாடிக்கும் வந்தாள். ஸ்டாரைப் பார்த்ததும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே குரல் கொடுத்தாள்.

"அக்கா, ஸ்டார கொஞ்சம் அணைப்பியளா? பிள்ளைக்கு ஸ்டாரு பாக்கணுமாம்."

கிணற்றடியில் இருந்த மாமி நிமிர்ந்தார். "எனக்க ஸ்டாருக்கு என்ன கொறச்சல்? ஊரே பாக்குது."

"இது ஈயாம்."

"பத்து நிமிசம் தாறேன். அதுக்குள்ள ஈய பிடிச்சிக்க மக்கா."

சிவப்பு அணைந்தது. கண் இருட்டுக்குப் பழகச் சிறிது நேரம் ஆனது. வயலுக்கு அப்பால், தென்னைகளுக்கு மேலே, தென்சிலுவை ஏறக்குறைய நேராக நின்றது. அதன் அடி நட்சத்திரத்திலிருந்து மூன்று விரல் கீழே பார்க்கச் சொன்னது தாள். கையை நீட்டி விரல்களை வைத்தேன். ஒன்றும் இல்லை. மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்க்கக் கூடாது, சற்றுத் தள்ளிப் பார்க்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. தென்னை ஓலை ஒன்றைப் பார்த்தபடி நின்றேன். ஓரக்கண்ணில் இரண்டு வந்தன, பிறகு நான்கு. வலப்பக்கம் தனியாக விலகி நின்றதோடு ஆறு. நேராகத் திரும்பினால் மங்கியவை காணாமல் போயின.

கீழே வந்து தாளை அடுக்களையில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். தாளின் ஓரத்தில் தோசை மாவு அப்பியிருந்தது. படத்தில் படவில்லை என்பதால் நான் சண்டை போடவில்லை. போனை வாங்கினேன்.

"பாத்தியளா?"

"பாத்தேன் மக்கா. சிலுவைக்குக் கீழ, மூணு விரல் தள்ளி. ஆறு எண்ணம்."

"வலது பக்கம் என்ன நிக்குது?"

"தனியா ஒண்ணு. பிணங்கி நிக்க பிள்ள மாதிரி."

"நேராவா பாத்திய?"

"நேரா பாத்தா தெரியாதுல்லா. கொஞ்சம் தள்ளிப் பாக்கணும்."

எல்லாம் சரியாக இருந்தது. பள்ளி வேன் வந்து ஹாரன் அடிக்கும்வரை பேசினேன். ஒன்பது நாள் விஷயங்கள் இருந்தன. அம்மா எனக்கு முதுகைக் காட்டியபடி தோசை சுட்டாள். இரண்டு தோசைகள் கருகின.

குவைத் பூமத்திய ரேகைக்கு இருபத்தொன்பது பாகை வடக்கே இருக்கிறது. வருடத்தின் எந்த இரவிலும் ஈ அங்கே தொடுவானத்துக்கு மேல் எழுவதில்லை.