சில்வியா வீட்டு நீலத்திரை

சில்வியாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அவள் பிழைப்பில் மண் போட்டவன் நான். ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா எட்மண்ட், சுரங்கம் மூடுகிற வரைக்கும் பூமிக்கடியில் பாறையைத் துளை போட்டவர். அந்தக் கல் தூள் நெஞ்சில் தங்கிவிட்டது. பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அம்மா காலமாகி ரொம்ப நாளாகிறது. சில்வியா பதினோரு வருஷம் விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு ஒன்பது மணிக்குத் திரும்பினாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், "அப்பாவும் எங்கூடதான் வருவாரு, பரவால்லியா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவாள். வந்தவர்கள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

போன வருஷம் அவளுடைய இன்ஷூரன்ஸ் கம்பெனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றது. எட்டு மணி நேரமும் தொடர்பு அறுந்துபோகாமல் கம்ப்யூட்டர் முன்னால் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. அப்பாவுக்கு மத்தியானச் சோற்றைச் சூடாகப் போட முடிகிறது என்று அதற்கே அவ்வளவு சந்தோஷப்பட்டாள்.

ஆண்டர்சன்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஏனோக் நான்தான். அவள் பழைய கம்ப்யூட்டருக்கு மெமரி போதவில்லை என்று, கடையில் கிடந்த ஒன்றை நானே கூடுதலாகப் போட்டுக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து போன் வந்தது.

"அண்ணா, வேலை செஞ்சினே இருக்கும்போது ஸ்கிரீனு நீலமா ஆயி ஆஃப் ஆயிடுது. இன்னான்னு கொஞ்சம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கு எதிரே மேஜை. ஜன்னலுக்கு வெளியே சயனைடு மேடு, சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன மண். ஆடிக்காற்றில் அந்தத் தூள் ஊரெல்லாம் பறக்கும். எங்கள் ஊரில் எது கெட்டாலும், மிக்ஸியானாலும் மூச்சானாலும், அந்த மண் மேல்தான் பழி. நானும் யோசிக்கவே இல்லை.

"மேட்டு மண்ணுதாம்மா. உள்ள பூரா தூசி. ஜன்னலத் தொறக்காத" என்றேன். ஊதித் துடைத்து, மெமரியின் முனைகளை ரப்பரால் தேய்த்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் ஓடியது. மறுபடியும் நீலம். திரையில் படம் காட்டுகிற டிரைவர் மென்பொருள் பழசாக இருந்தது, அதைப் புதுசாக்கினேன். நாலு நாள் தாங்கியது. பார்த்தாயா என்று பெருமையடித்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் மறுபடியும். விண்டோஸையே அழித்துப் புதிதாக ஏற்றினேன். அப்போதும் நிற்கவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்குத் தெரிந்த விஷயம்தான் இது. டிரைவர் கோளாறென்றால் நீலத்திரையில் பெரும்பாலும் ஒரே பிழை எண் திரும்பத் திரும்ப வரும். சில்வியா தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் வேறு எண். அப்படி வந்தால் முதலில் மெமரியைச் சந்தேகப்பட வேண்டும். மெமரியைச் சோதிக்கிற புரோகிராமைப் பென்டிரைவில் போட்டு ஐந்தாறு மணி நேரம் ஓட விட்டால் தெரிந்துவிடும். நான் போடவில்லை. நான் போட்ட மெமரி கெட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

அவள் நோட்டை நீட்டியபோது நான் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஜன்னலத் தொறந்தியா?" என்று அதட்டினேன்.

"இல்லண்ணா. அப்பா புழுங்கறாரு, அப்பவும் தொறக்கல" என்றாள்.

கம்பெனி இரண்டு தடவை எச்சரித்தது. வேலைக்கு டிமிக்கி கொடுக்க அவளே தொடர்பை அறுக்கிறாள் என்று சந்தேகப்பட்டார்கள். மூன்றாம் தடவை ஆபீசுக்கே வரச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து செய்யும் அந்த வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். சில்வியா மறுபடியும் ரயில் ஏறினாள். மத்தியானச் சோற்றைப் பக்கத்து வீட்டு தங்கம்மா வைத்துவிட்டுப் போகிறாள்.

போன மாதம் அந்தக் கம்ப்யூட்டரை, இனி வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று கடையில் இறக்கிவிட்டுப் போனாள். கொடுக்கும் முன் சோதிப்போமே என்று பென்டிரைவைச் சொருகினேன். பதினைந்து நிமிஷத்தில் திரை நிறையப் பிழையைக் காட்டும் சிவப்புக் கோடுகள். நான் போட்டதைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். பகல் முழுக்க ஒரு பிழை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தவளிடம் வாசலிலேயே சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பாகிட்ட நீங்களே போயி சொல்லுங்கண்ணா" என்றாள்.

எட்மண்ட் கட்டிலில் சாய்ந்திருந்தார். மண்ணும் இல்லை, ஜன்னலும் இல்லை, நான் போட்ட மெமரிதான் கெட்டது, அதைக் கழற்றியதும் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்று சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"என் இருமல்னு நெனச்சினு இருந்தேன்பா" என்றார். "எங்க நெஞ்சுல கீறதும் அதே மண்ணுதானே. இருமறப்ப கம்ப்யூட்டர்ல பூந்துடுதோன்னு, பாப்பா வேலை செய்யறப்பல்லாம் பின்னாடி பாத்ரூம்ல போயி ஒக்காந்துக்குவேன். மூணு மாசம். அவளுக்கு இது தெரியாது."

என்னை மன்னித்துவிடுங்கள் அங்கிள் என்றேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"இப்ப அது நல்லா ஓடுதில்ல? அப்ப பாப்பா இனிமே வூட்லயே இருக்கலாம்தானே?"

அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது என்று சொன்னேன். அவர் அடுத்ததைக் கேட்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.