பரவால்ல மனே

செட்டிபாளையத்துச் சந்தையில் அக்கா மீனுக்கு விலை பேசத் தொடங்கினால், மற்றவர்கள் தங்கள் மீனை மறந்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அப்படிப்பட்டவள் ஆசுபத்திரியில் டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் பூனைக்குட்டியாகிவிடுவாள். "எப்பிடி அம்மா இருக்கு?" என்று அந்த இளம் வைத்தியர் கேட்டால், "பரவால்ல மனே" என்பாள். மகனே என்பதை நாங்கள் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவோம். வீட்டுக்கு வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள்.

"நோகுது எண்டு டொக்டரிட்டச் சொன்னா என்ன?" என்று நான் கத்துவேன்.

"பாவம் தம்பி, அந்தப் புள்ளைக்கு முகம் வாடிக் கிடந்திச்சு. அதுக்கிட்டப் போய் என்ட வருத்தத்தையும் கொட்டுறதா?"

டொக்டரிடம் போய் அவரையே நலம் விசாரித்துவிட்டு வருகிற சனம் எங்கள் சனம்தான். போகும்போதெல்லாம் வயிற்றெரிவுக்கான கேஸ்றிக் குளிசைதான் கிடைத்தது. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று ஒருமுறை சொன்னார்கள். பிறகு மெஷின் பழுது என்றார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அதை மறந்துவிட்டார்கள். கடைசியில் அக்கா மயங்கி விழுந்தாள். வேறு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். பித்தப்பையில் கல், சீழ் கட்டி வெடித்திருந்தது. பிழைத்ததே அதிசயம் என்றார் சத்திரசிகிச்சை செய்தவர்.

வீடு திரும்பிய அக்கா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "வருத்தத்தப் பிந்திக் கண்டுபிடிச்சது ஆருட பிழை எண்டு அவங்கட வாயால சொல்லட்டும். நானாத் தேடின வருத்தம் எண்டு சொந்தக்காரரே கதைக்குதுகள்."

நான் தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விண்ணப்பம் என்றாலே எனக்கு உற்சாகம் வந்துவிடும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி குளிசை கொடுத்தனுப்பிய அந்த முதல் ஆசுபத்திரிக்கு எழுதிக் கேட்டேன். நோயைப் பிந்திக் கண்டுபிடித்ததாக எத்தனை முறைப்பாடுகள் வந்தன? அக்காவின் விடயத்தில் நடந்தது என்ன?

முறைப்பாடுகள் பூச்சியம் என்று பதில் வந்தது. அக்காவைப் பற்றி, 'வந்த ஒவ்வொரு தடவையும் நோயாளி தாம் நலம் என்றே தெரிவித்துள்ளார்' என்றிருந்தது.

வந்த கோபத்தில் சிரித்துவிட்டேன். அக்காவின் மரியாதையை எடுத்து அவள் தலையிலேயே போட்டிருந்தார்கள். விடுவேனா? மேன்முறையீடு செய்தேன். ஆசுபத்திரிப் பணிப்பாளர் எங்கள் இருவரையும் நேரில் வரச் சொன்னார்.

பஸ்ஸில் கல்லடிப் பாலம் தாண்டும்வரை அக்காவுக்குப் பாடம் நடத்தினேன். "என்ன கேட்டாலும் பரவால்ல எண்டு சொல்லப்படாது. விளங்கிச்சா?"

"எனக்கென்ன விசரா? நீ வாயப் பொத்திக்கிட்டு வா."

பணிப்பாளருக்குப் பக்கத்தில் பேனாவுடன் ஓர் உத்தியோகத்தர் இருந்தார். பணிப்பாளர் தன்மையான மனிதர். எடுத்த எடுப்பில், "இப்ப எப்பிடி அம்மா?" என்றார்.

"பரவால்ல மனே" என்றாள் அக்கா.

எனக்கு மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. உத்தியோகத்தர் சுறுசுறுப்பாக எழுதக் குனிந்தார்.

"நில்லு, அத எழுதாத!" சந்தையில் கேட்கும் அதே குரல். "அது மரியாதைக்குச் சொன்னது. றோட்டில ஆர் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவன். என்ட வயித்த ஒருத்தரும் கை வச்சு அமத்திப் பாக்கல்ல மனே. அமத்தியிருந்தா நான் கத்தின கத்து இந்த ஆசுபத்திரிக்கே கேட்டிருக்கும்."

"ஒருத்தருமே பாக்கல்லயா?" என்றார் பணிப்பாளர்.

"இல்ல."

அவர் மேசையில் கிடந்த அக்காவின் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "பிழை எங்கடதான் அம்மா. ஸ்கேனையும் எடுக்காம விட்டிட்டம்" என்றார்.

வயிற்றை வெட்டித் தைத்தபோதும் அழாத அக்கா அதைக் கேட்டதும் விக்கி விக்கி அழுதாள். பணிப்பாளர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். இரண்டு மிடறு குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் உத்தியோகத்தர் பக்கம் திரும்பினாள்.

"இப்ப எழுது மனே. அந்தப் பூச்சியத்த வெட்டிப்போட்டு ஒண்டு எண்டு எழுது."

அவர் பணிப்பாளரைப் பார்த்தார். "எழுதுங்க" என்றார் பணிப்பாளர்.