தங்கச் சுரங்கமும் தர்சிகாவும்

பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் செய்தி வந்தது. பூநகரிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் தர்சிகா வழமையாக எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். அன்று அந்த இடத்தில் ஜெயபுரத்துப் பிள்ளை ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். "அக்கா, தர்சிகா அக்கா விடியப்புறம் ஆஸ்பத்திரியில செத்துப்போனா. காய்ச்சல் இறங்கேல்லையாம்."

தர்சிகா என் வகுப்புத் தோழி. அவளைத் தெரிந்தவர்களுக்கு அவளுடைய சிரிப்பு நினைவிருக்கும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவள்மேல் நான் பட்ட பொறாமைதான்.

வலய விவாதப் போட்டிக்கு வந்த தலைப்பு, தங்கத்தின் விலை விழுந்திருக்கும்போது புதிய சுரங்கம் தொடங்கலாமா என்பது. "பவுன் விக்கிற விலைக்கு இது என்ன தலைப்பு?" என்று வகுப்பே சிரித்தது. எங்கள் பாடசாலைக்குக் கிடைத்தது 'தொடங்கலாம்' என்ற பக்கம். அணித்தலைவியைத் தெரிவுசெய்ய, பொருளியல் ரீச்சர் எங்கள் இருவரையும் எதிரெதிராகப் பேசவைத்தார். அந்தப் பதவி எனக்கு வேண்டும் என்று நூலகத்தில் கிடைத்த அனைத்தையும் படித்திருந்தேன். எனக்கு வந்தது 'தொடங்கக்கூடாது' என்ற பக்கம். விலை குறைந்தால் தோண்டும் செலவே தேறாது, வங்கி கடன் தராது, பழைய சுரங்கங்களை நடத்துவதே புத்தி என்று பேசினேன். நல்ல கைதட்டல்.

தர்சிகா வெறுங்கையோடு எழுந்தாள். என்னைப் பார்த்து, "உங்கட வீட்டுக் கிணறு எப்ப வெட்டினது?" என்றாள்.

"ஆவணியில, நல்ல கோடையில."

"ஏன் மாரியில வெட்டேல்லை? அப்ப தண்ணி மேலயே நிக்குமே?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "ஆவணியில தண்ணி கண்ட கிணறு ஒரு நாளும் வத்தாது. மாரியில வெட்டினவர் ஆவணியில வாளியோட பக்கத்து வீட்டுக்குப் போவார். விலை விழுந்த நேரத்திலயும் கட்டுபடியாகிற சுரங்கம்தான் நிண்டு பிடிக்கும். அதோட, தோண்டி முடிய வருசக்கணக்காகும். தங்கம் வெளியில வரேக்க இண்டைய விலையே இருக்கப்போகுது?"

ரீச்சர் அவளைத் தலைவியாக்கினார். எங்கள் வீட்டுக் கிணற்றை நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

அன்றிரவே அவளுடைய வாதத்தில் ஓர் ஓட்டையைத் தேடி எடுத்து, அடுத்த நாள் பஸ்ஸில் சொன்னேன். "மாரி கட்டாயம் வரும். விலை திரும்ப ஏறுமெண்டு ஆர் சொன்னது? ஏறும்வரைக்கும் கடனுக்கு வட்டி ஆர் கட்டுறது?"

அவள் முகம் வாடும் என்று காத்திருந்தேன். அவளோ சிரித்துக்கொண்டே என் தோளில் அடித்தாள். "எடி விசரி, இதை நேற்றே கேட்டிருந்தா நான் அம்பிட்டிருப்பன்!"

அடுத்த பயிற்சியில் அந்தக் கேள்வியை என் பெயரைச் சொல்லியே எடுத்து, பதிலும் தந்தாள். கடன்பட்டுத் தோண்டுபவன் தோண்டக்கூடாது, விலை ஏறும்வரை தாங்கக்கூடிய கைமுதல் உள்ளவன் மட்டுமே தோண்டலாம் என்றாள். பேச்சு முன்னையதைவிடச் சிறந்துவிட்டது. என் பெயரை அவள் மறைத்திருந்தால் ஆத்திரப்பட்டிருக்கலாம். அதற்கும் இடம் தரவில்லை.

செத்தவீட்டில் அவளுடைய அம்மா என் கையைப் பிடித்தார். "நீதானே வட்டிக் கேள்வி கேட்ட பிள்ளை? அண்டைக்கு வந்து புத்தகப் பையை எறிஞ்சவள். 'அவள் என்னைவிடக் கெட்டிக்காரி அம்மா, எனக்கு எரியுது' எண்டு சொல்லிச் சொல்லி விடியும்வரைக்கும் பதில் தேடினவள்."

பஸ்ஸில் அவள் சிரித்த சிரிப்பை அவ்வளவு நம்பியிருந்தேன்.

இப்போது ரீச்சர் என்னைத் தலைவியாக்கியிருக்கிறார். வரும் போட்டியில் தர்சிகாவின் வாதத்தை அவள் பெயரைச் சொல்லியே பேசுவேன். அது அவள் எனக்குச் செய்த மரியாதை. ஆனால் அவளிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அந்த எரிச்சலைத்தான். என்னை அவ்வளவு பெரிதாக நினைத்து நித்திரை முழித்தவர்கள் வேறு எவரும் இல்லை. போட்டியில் நான் வென்றாலும், வீட்டுக்குப் போய்ப் புத்தகப் பையை எறிய அவள் இருக்கமாட்டாள்.