சபாவுக்குக் கட்டிய டேமேஜ் சேலை

இளம்பிள்ளையில் சேலை வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், கட்டுவதற்கு ஒரு சேலை இல்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான். தறியில் தப்பு விழுந்து விற்க முடியாமல் போன டேமேஜ் சேலைகளை வீட்டுக்குள் கட்டுவோம். வெளியே கிளம்பினால் அப்போதுதான் வந்திறங்கிய புது டிசைன். கல்யாணமோ காதுகுத்தோ, எங்கே போனாலும் நான்தான் நடமாடும் ஷோகேஸ். தாலி கட்டும் நேரத்தில்கூட யாராவது என் முந்தியைப் பிடித்து, "இதுல பச்சை இருக்குங்களா?" என்பார்கள். நானும் கையில் அட்சதையோடு, பச்சை உண்டு, மாம்பழக் கலர் உண்டு என்று சொல்லிக்கொண்டிருப்பேன். திரும்பிப் பார்த்தால் தாலி ஏறியிருக்கும்.

அதனால்தான் மார்கழிக் கச்சேரி கேட்கச் சென்னை போவது என்று முடிவானதும் சேலை எனக்குப் பெரிய பிரச்சினை ஆயிற்று. பல வருடங்களாக ஃபோனில் பாட்டை ஓடவிட்டுக்கொண்டுதான் சேலை மடிக்கிறேன். முறையாகச் சங்கீதம் படித்தவள் இல்லை. ஆலாபனை நன்றாக இருந்தால் மடிப்பு கோணலாகிவிடும், எனக்குத் தெரிந்த சங்கீதம் அவ்வளவுதான். ஒரே ஒரு கச்சேரியை நேரில், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை, யாருக்கும் கலர் சொல்லாமல் கேட்டுவிடவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டுக்காரர் ஒரு கட்டுச் சேலையைக் கொண்டுவந்து கட்டில்மேல் பிரித்தார்.

"இந்தக் கிளிப்பச்சையக் கட்டிக்க. மெட்ராஸ்ல வசதியான சனமெல்லாம் அங்கதான் வரும். நாலு பேரு கேப்பாங்க."

"அதுக்குத்தானுங்க வேண்டாங்கறேன்."

"கேட்டா பதில் சொல்றதுக்கு வாயா வலிக்குது?"

"வாய் கெடக்குதுங்க. அன்னிக்கி எனக்குக் காதுதான் வேணும்."

பீரோவின் அடியிலிருந்து அரக்கு நிறச் சேலை ஒன்றை எடுத்தேன். நெய்துகொண்டிருக்கும்போது கரைக்கு டிசைன் கொடுக்கிற அட்டை பாதியில் அறுந்துபோய், மறுபடி கோத்தவர் தலைகீழாகக் கோத்துவிட்டார். கரையில் வரிசையாகப் போகிற அன்னங்கள் பாதி வழியில் எதிர்ப்பக்கமாகத் திரும்பிவிட்டன. இரண்டு வரிசையும் சந்திக்கும் இடத்தில் இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். சிரிப்புக்காகவே அதை வைத்திருந்தேன்.

அவர் பதறிவிட்டார். "டேமேஜையா கட்டீட்டு வாரே? நம்ம சரக்கே இப்பிடித்தான்னு நெனச்சுக்குவாங்க!"

"யாரும் வேணும்னு கேக்கமாட்டாங்கல்லங்க? அது போதும்."

ரயிலில் ஜோலார்பேட்டை வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். காபி வந்ததும் கொஞ்சம் இறங்கியது.

சபாவில் நல்ல இடமாகக் கிடைத்தது. பாடகி காம்போதி ராகத்தை எடுத்தார். யாரும் என் முந்தியைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். என்ன ஒரு நிம்மதி! கொஞ்ச நேரம் கழித்து முழங்காலில் ஏதோ உரசியது. முன்வரிசை அம்மாவின் பட்டு முந்தி நாற்காலிக்குப் பின்னால் வழிந்து என்மேல் கிடந்தது. நான் கண்ணைத் திறப்பதற்குள் என் கை அதைப் புரட்டிவிட்டது. எங்கள் ஊரில் சேலையை முன்பக்கம் பார்த்து யாரும் எடைபோடுவதில்லை. பின்பக்கம் இழை தொங்குகிறதா என்றுதான் பார்ப்பார்கள். நானும் விரலால் நீவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா திரும்பினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "மன்னிச்சுக்குங்க, கைப் பழக்கமுங்க," என்று முணுமுணுத்தேன். கலர் கேட்பார்கள் என்று பயந்து இத்தனை தூரம் தப்பித்து வந்தவள், கடையைக் கையிலேயே கொண்டுவந்திருக்கிறேன்! அந்த அம்மா கோபப்படவில்லை. பாட்டு முடிந்து கைதட்டும்போது என் சேலைக் கரையை எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, இந்தப் பறவைங்க ஒண்ணையொண்ணு முட்டிக்குதே! ரொம்ப அழகா இருக்கு. எங்க கிடைக்கும்?"

பக்கத்தில் வீட்டுக்காரரின் கை சட்டைப் பைக்குப் போனது. அதில் விசிட்டிங் கார்டு இருப்பது எனக்குத் தெரியும்.

"இது விக்கறதுக்கு இல்லைங்க," என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் சொல்லாத வாக்கியம் அது. சொன்னதும் எனக்கே சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கை மெதுவாகப் பையிலிருந்து வெளியே வந்தது, கார்டு இல்லாமல். அதன்பிறகு கச்சேரி முடியும்வரை என் கை என் மடியிலேயே இருந்தது.

கச்சேரி விட்டதும் கேன்டீனில் தோசைக்கு உட்கார்ந்தோம். அவரால் எவ்வளவு நேரம்தான் பொறுக்கமுடியும்? ஃபோனை எடுத்தார்.

"அன்னம் முட்டிக்கிற எடத்தை மட்டும் காட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். இதையே டிசைனாக்கி ஒரு லாட் போட்டுப் பாக்கலாம்."

முந்தியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "இது என்னுதுங்க."

சிரித்துவிட்டு ஃபோனை வைத்துவிட்டார். தோசை வந்தது. ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டு, சட்னியைப் பார்த்தபடியே கேட்டார்.

"பாடுன அம்மா கடைசியில ஒரு பாட்டுல மேல போயி அப்பிடியே நின்னாங்களே, அப்ப நீ ஏன் கண்ணைத் தொடச்சே?"

தோசை ஆறினால் ஆறட்டும் என்று தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, ஏன் என்று சொல்ல ஆரம்பித்தேன்.