ஊர் என்றால் யார்?

பேருந்தில் பத்து இருக்கைகள் காலியாகக் கிடக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் போய் உட்காரக் கூடாது. பின்லாந்துக்கு வந்த முதல் வாரம் எனக்கு இது தெரியாது. ஒரு பெரியவர் சன்னலோரம் தனியாக இருந்தார். பேச்சுத்துணைக்கு ஆகட்டுமே என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் எழுந்தார். இறங்காமல் பின்பக்கம் போய் நின்றுகொண்டார். தேனி – கம்பம் பேருந்தில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவதாக நுழைந்து, நிற்கிறவர்களின் பையையும் பிள்ளையையும் மடியில் வாங்கிக்கொண்டு வளர்ந்தவன் நான். அன்று முழுக்க என் சட்டையை நானே மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி இங்கே முதியோர் இல்லத்தில் செவிலியர். நான் மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் ஆலையில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள் மார்யா. பேருந்துக் கதையைச் சொல்லி, “இந்தச் சட்டத்தை யார் போட்டது?” என்று அவளிடம் கேட்டேன். “சட்டமெல்லாம் இல்லை. யாரும் போடவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்” என்றாள்.

அந்தப் பதில் என்னைப் பிடித்துக்கொண்டது. மொழி படிக்கப் போகும் நூலகத்தில், எளிய நடையில் எழுதிய சமூகவியல் அறிமுகப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தேன். எனக்குப் புரிந்தது இதுதான்: யாரும் எழுதாத விதிகள் நம்மை நடத்துகின்றன, மீறும்போதுதான் அவை கண்ணுக்குத் தெரியும். ஒருவனுக்கு வந்த துன்பம் அவனுடையது மட்டும்தானா, அவன் நிற்கிற இடத்தில் யார் நின்றாலும் வருமா என்று கேட்கப் பழக வேண்டும். அட, இதைத்தானே நம் ஆட்கள் ‘ஊர் ஓடினால் ஒத்து ஓடு’ என்றும் ‘ஊர் வாயை மூட உலைமூடி ஏது’ என்றும் சொல்லி வைத்தார்கள் என்று துள்ளினேன். படிக்காதவனுக்குப் பாதி பாடம் முன்பே தெரியும் என்ற கர்வம். மீதிப் பாதி ஒரு குளிர்கால வியாழக்கிழமை வந்தது.

காலை இடைவேளையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. “அண்ணே, நான் ஜெசி பேசுறேன். அப்பா போயிட்டாகண்ணே.”

என் தங்கையின் குரலைப் பதினொரு வருடம் கழித்துக் கேட்கிறேன். வேறு சாதியில், மோட்டார் மெக்கானிக் முருகேசனைக் கட்டிக்கொண்டதால் அவளை ஒதுக்கியிருந்தோம். அம்மா இறந்து தனியாகிவிட்ட அப்பாவைத் தேனிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். நான் அப்பாவின் போனில் அப்பாவோடு மட்டும் பேசுவேன்.

“அம்மா கல்லறை பக்கத்துல வையிங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக, ஊருக்குக் கொண்டாந்துட்டோம். நாலு மணிக்குச் சர்ச் சாமியார் அடக்கத்துக்கு வரேன்னுட்டாக. ஊர்ல பெட்டி தூக்க ஒருத்தரும் வர மாட்டேங்குறாகண்ணே. நீ சொன்னாக் கேப்பாக.”

அங்கே மணி ஒன்று ஆகப்போகிறது. விமானத்தில் பறந்தாலும் மறுநாள்தான். எங்கள் ஊர் தேனி மாவட்டத்துத் தேவாரத்துக்குப் பக்கம், ஒரே தெரு, எல்லாரும் சொந்தம். பெரியப்பா மகன் அருளப்பண்ணனை அழைத்தேன்.

“ஏலே சூச, எனக்கென்னடா? சித்தப்பா என்னத் தோள்ல தூக்கி வளத்தவக. ஆனா சம்மனசு மாமா எட்டு வைக்காம நான் முந்திக்கிட்டா நல்லாவா இருக்கும்?”

சம்மனசு மாமாவை அழைத்தேன். “வரமாட்டேன்னு நானா சொன்னேன்? எதுத்த வீட்டு அந்தோணி இருக்கானே, நாக்குல நரம்பில்லாத பய. அவன் வரட்டும், நான் பின்னாலயே வாரேன்.”

அந்தோணியை அழைத்தேன். “மச்சான், உங்க சொந்தப் பெரியப்பா மகன் அருளப்பனே வீட்டுக்குள்ள உக்காந்திருக்காக. நான் யாரு மச்சான்?”

புறப்பட்ட வாசலுக்கே திரும்பி வந்திருந்தேன். மூன்று பேரில் ஒருவருக்கும் அப்பா மேல் வெறுப்பில்லை. ஆளுக்கொரு விரல் அடுத்த வீட்டைக் காட்டுகிறது. நான் தேடிய ஊர் எந்த வீட்டிலும் குடியிருக்கவில்லை.

மறுபடியும் அருளப்பண்ணனை அழைத்துக் கெஞ்சினேன். கத்தினேன். போன் கைமாறியது. அவர் மனைவி ரோசம்மா மதினி.

“தம்பி, கோவிச்சுக்கிடாதீக. ஊரு ஊருன்னு ஏசுறீகளே, இவுக எல்லாம் யாரப் பாத்து அளந்தாகன்னு நெனைக்கிறீக? கூடப் பொறந்த நீங்களே பேசல. நாம சேத்துக்கிட்டா சூச என்ன நெனப்பானோன்னுதான் மொதல்ல ஒதுங்குனாக. அது அப்படியே நெலச்சுப் போச்சு.”

ஜெசி தாலியோடு வந்து நின்ற அன்று கதவைச் சாத்தியது என் கை. எதிர்வீட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டேதான் சாத்தினேன்.

மடிப்பு மேசைக்கு வந்து, “அப்பா இறந்துவிட்டார்” என்றேன். மார்யா ஓர் அடி பின்னால் போய்த் தலையசைத்தாள். ஒரு கோப்பைக் காபியை என் பக்கம் வைத்துவிட்டு, தூரத்து மேசைக்கு நகர்ந்துவிட்டாள். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தேன். துக்கப்பட்டவனைத் தனியே விடுவதுதான் இங்கே மரியாதை என்பது பிறகு தெரிந்தது. எங்களூரில் தனியே விடுவதற்குப் பெயர் வேறு.

பன்னிரண்டரைக்கு வீடியோ அழைப்பு. போனைப் பிடித்திருந்தது ரோசம்மா மதினி; அவள் மட்டும் இறங்கி வந்துவிட்டாள். பெட்டியின் முன்பக்கம் முருகேசனும் அவருடைய பட்டறைக்காரர் ஒருவரும். பின்பக்கம் இன்னொரு பட்டறைக்காரர். நாலாவது மூலை மூத்த மகனான எனக்கு உரியது. அதில் ஜெசி தோள் கொடுத்திருந்தாள். எங்கள் தெருவில் பெண் பெட்டி தூக்கி யாரும் பார்த்ததில்லை. உயரம் பத்தாமல் அப்பா அந்தப் பக்கமாகச் சாய்ந்தே போனார்.

வாசல்தோறும் ஆட்கள் நின்றார்கள். அருளப்பண்ணன் அழுதுகொண்டே மாமா வாசலைப் பார்த்தார். மாமா அந்தோணியைப் பார்த்தார். அந்தோணி அருளப்பண்ணனைப் பார்த்தான். ஒருவர் ஓர் எட்டு வைத்திருந்தால் தெருவே வந்திருக்கும். அந்த எட்டை நான் வைத்திருக்க வேண்டிய நாள் பதினொரு வருடத்துக்கு முன்னால் கிடக்கிறது.

“ஜெசி, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்த்தா” என்று போனுக்குள் சொன்னேன். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

வேலை முடிந்து பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன். நிற்கிற கூட்டம். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதற்காக அவர்களுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்காரமாட்டார்களா என்று அதே மனது ஏங்கியது. அப்போதுதான் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். என் பை உட்கார்ந்திருந்தது. எப்போது வைத்தேன், யார் சொல்லி வைத்தேன், நினைவில்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கடைசி நிறுத்தம் வரை அந்த இடம் காலியாகவே வந்தது.